ஏரோப்ளேன் டிரஸ்ஸரும் ஒரு வாய்ச் சோறும்

உலகத்திலேயே பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு விளக்கெண்ணெய் குடித்த ஒரே இடம் மலாயாவில் எங்கள் பதினோராங்கட்டை ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிதான். இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். மற்ற தோட்டங்களில் டிரஸ்ஸர் கரண்டியைக் கையில் எடுத்தால் பிள்ளைகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டம் பிடிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் டிரஸ்ஸர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டால், "எனக்கு இன்னும் ஊத்தலையே!" என்று மூக்கைச் சிந்தி அழுவார்கள்.

தோட்டத்து நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து, நாலு பேரை நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, துரை பங்களாவில் டீ குடித்துவிட்டுப் போகிறவர். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் டிரஸ்ஸர்தான். எங்கள் டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய பிரம்மச்சாரி. கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைச் சாக்ஸ், சட்டைப் பையில் எப்போதும் ஓர் இடுக்கி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற கிராணிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ஏரோப்ளேன் டிரஸ்ஸர்.

கோலாலம்பூரில் ஒரு கடைக்கு எழுதிப் போட்டு, சீமையிலிருந்து பெட்டி வரவழைப்பார். பெட்டிக்குள் எடையே இல்லாத மெல்லிய பலகைகள் இருக்கும். பலகை மேல் அச்சிட்ட கோடுகள், ஒரு பெரிய வரைபடம், ஒரு குழாய்ப் பசை. கோடு பிசகாமல் அறுத்து, வரைபடத்தின் மேல் வைத்து ஒட்டிக்கொண்டே போனால், நிஜ விமானத்தை யாரோ துவைத்துச் சுருக்கியது போல ஒன்று கிடைக்கும். புண்ணை அறுக்கிற கத்தியால்தான் பலகையை அறுப்பார். புண்ணுக்குக் கை நடுங்கினாலும் நடுங்கும், பலகைக்கு நடுங்காது.

இதை அவர் தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. நான்தான் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரே வாத்தியார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வாய்ப்பாடு கேட்டால் வயிற்றுவலி என்று துடிக்கிற பயல்கள், மணி அடித்ததும் ஆஸ்பத்திரி வாசலில் போய்க் குத்துக்கல்லாக நிற்பார்கள். அங்கே சட்டம் எளிமையானது. மருந்து குடித்தவனுக்கு ஒரு துண்டு ஒட்டக் கிடைக்கும். மலேரியா மாத்திரை என்றால் சின்னத் துண்டு. விளக்கெண்ணெய் என்றால் இறக்கையில் ஒரு விலா எலும்பு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வயிற்றில் புழு என்ற ஜந்துவே பூண்டற்றுப் போனது இப்படித்தான்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒட்டுகிற பிள்ளை தன் பசையைத் தானே கொண்டுவர வேண்டும். தன் தட்டிலிருந்து கொஞ்சம் குழைந்த சோறு. அதைக் கொதிநீர் விட்டு மசித்து, துணியில் வடிகட்டி, மருந்துக் குப்பியில் ஊற்றுவார்கள். பெட்டியில் வந்த சீமைப் பசைக் குழாய்களோ அலமாரியில் மூடி திறக்காமல் கிடந்தன. "கஞ்சப் பிசினாறி. நல்ல பசையைப் பூட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பருக்கை வாங்குகிறார்" என்று நான் நினைத்துக்கொள்வேன். சொல்லவும் செய்தேன். அவர், "பேந்து விளங்கும் வாத்தியார்" என்று மட்டும் சொன்னார். பேந்து என்றால் பிறகு.

அளவு விஷயத்தில் மனிதர் பைத்தியம். விமானத்தில் எல்லாம் நாற்பத்தெட்டில் ஒரு பங்காக இருக்க வேண்டும். மருந்துக் குப்பித் தக்கையில் விமானி செய்தார்கள். விமானிக்கு மீசை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அளவுப்படி மீசைக்கு எந்த முடி சரிவரும் என்று மூன்று நாள் யோசித்து, கடைசியில் ஆஸ்பத்திரிப் பூனையிடம் கடன் வாங்கினார். மனிதர்களைப் பார்த்தாலும் கண் சுருங்கும், உதடு முணுமுணுக்கும், கணக்குப் போடுவார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "வாத்தியார், உம்மை அளவுப்படி சுருக்கினா ஒரு தீப்பெட்டிக்கை தாராளமா அடங்குவீர். துரை அடங்கமாட்டார். வண்டி இடிக்கும்" என்றார். துரையின் தொந்தியைத்தான் அவர் பாஷையில் அப்படிச் சொன்னார்.

இறக்கைக்குப் போர்த்த மெல்லிய காகிதம் வேண்டும். பெட்டியில் வருவது கிழிந்துவிட்டால் வேறு காகிதத்துக்கு எங்கே போவது? அதை அரசாங்கமே வானத்திலிருந்து போட்டது. அவசர காலம் அல்லவா? வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி விமானத்திலிருந்து நோட்டீஸ் கொட்டுவார்கள். காட்டுக்குள் விழுந்ததை யார் படித்தார்களோ தெரியாது. எங்கள் பக்கம் விழுந்ததையெல்லாம் பிள்ளைகள் பொறுக்கி வந்து டிரஸ்ஸரிடம் சேர்த்தார்கள். எங்கள் விமானத்தின் இடது இறக்கை முழுக்க, 'ஆயுதத்தைக் கீழே போடு, உயிருக்கு ஆபத்தில்லை' என்று நாலு மொழியில் எழுதியிருந்தது.

காகிதம் கொடுத்த அதே அவசர காலம்தான் பசையில் கை வைத்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி ஏற்கெனவே வந்துவிட்டது. பிறகு சோற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. யார் வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது. பொதுச் சமையல் கூடத்தில் பொங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். வாங்கியதை வேலிக்குள்ளேயே தின்றுவிட வேண்டும். ஒரு பருக்கை கேட்டைத் தாண்டினாலும் அது காட்டுக்காரர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்டுக்கு வெளியே இருந்தன. காலையில் பிள்ளைகள் வரும்போது மாட் என்ற மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ்காரர் பை, பென்சில் டப்பா, சட்டைப் பை எல்லாவற்றையும் உதறிப் பார்த்துத்தான் விடுவார்.

டிரஸ்ஸர் உடனே சட்டத்தை மாற்றினார். "இனி ஒருத்தரும் சோறு கொண்டு வரப்படாது. ஆஸ்பத்திரிக்கு அனுமதியோடை வாற என்ரை பங்குச் சோத்திலை ஒட்டுவம்" என்றார். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. அஞ்சலை என்று ஒருத்தி. ஒன்பது வயது. ரப்பர் பால்வெட்டுக்காரர் மகள். வாய் காதுவரைக்கும் நீளும். "அது ஒங்க பசை ஐயா. ஒங்க பசையில ஒட்டுனா அது எப்படி என் எலும்பு ஆவும்?" என்று கேட்டாள். டிரஸ்ஸர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இதற்குப் பிறகு தோட்டத்துக்கு ஒரு வியாதி வந்தது. ஒரு காலை மாட் அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். "சிக்கு! சிக்கு! இந்தப் பிள்ளை சாக்கிட் லா! கன்னம் பாரு, இவ்வளோ பெருசு! பேரு கேட்டா பேசல!" மலாயில் சிக்கு என்றால் வாத்தியார், சாக்கிட் என்றால் நோய். அஞ்சலையின் வலக் கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. பொன்னுக்கு வீங்கி! ஒட்டுவாரொட்டி வியாதி! நான் நாலடி பின்வாங்கி, ஆஸ்பத்திரியைக் கை காட்டினேன்.

டிரஸ்ஸர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்துக் கன்னத்தை மெதுவாக அழுத்தினார். பொத்தென்று ஒரு சோற்று உருண்டை தட்டில் விழுந்தது. டிரஸ்ஸர் உருண்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போய்க் கையைக் கழுவினார். "ஏன் பிள்ளை இப்பிடிச் செய்யிறாய்? பிடிபட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?" என்றார். அவள், "மெல்லவே இல்ல ஐயா, அப்புடியே முழுசா இருக்கு" என்றாள். அவருக்கு வந்த கோபம் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. "சரி, கொதிதண்ணியிலை இரண்டு தரம் போடு" என்றார்.

அவர் அதோடு நிறுத்தச் சொல்லி மிரட்டியும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். பிள்ளைகள் கேட்டால்தானே? அஞ்சலையின் வழி எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மறுவாரம் பள்ளிக்கூடமே வீங்கிய கன்னத்தோடு வந்தது. ஆஜர் கூப்பிட்டால் ஒருவனும் "உள்ளேன் ஐயா" சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கினார்கள். மாட் பயந்துபோய்த் துரையிடம் ஓடினார். தோட்டம் முழுக்கப் பொன்னுக்கு வீங்கி பரவினால் பால் வெட்ட ஆளிருக்காதே என்று துரையும் பதறி, கையோடு அன்று தோட்டத்துக்கு வந்திருந்த போலீஸ் அதிகாரியையும் அழைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

அந்த அதிகாரி இளவயது வெள்ளைக்காரர். நம் ஊர் வெயிலில் முகம் பழுத்துச் சிவந்து கிடந்ததால் பிள்ளைகள் அவருக்குத் தக்காளி என்று பெயர் வைத்திருந்தார்கள். தக்காளி குனிந்து அஞ்சலையிடம், "வாயைத் திற" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். துரையும் சொன்னார். அவள் அதற்கும் தலையை ஆட்டினாள். கடைசியில் அவளுக்கு ஒரு தும்மல் வந்து காரியத்தைக் கெடுத்தது. தக்காளியின் சட்டையில் ஒட்டிய பருக்கைகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அவர் ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தார்.

ஆஸ்பத்திரியைச் சோதனை போட்டார்கள். என்ன கிடைத்தது என்று கேளுங்கள். குப்பி குப்பியாகச் சோற்றுக் கஞ்சி. கட்டுக் கட்டாக நோட்டீஸ். போர் விமானத்தின் வரைபடம். கூரையிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்த, மூன்றடி இறக்கை வைத்த, முந்தின நாள்தான் முடிந்த விமானம். அலமாரியில் திறக்காத பசைக் குழாய்கள். ஒரு மனிதரை உள்ளே தள்ள இதில் பாதி போதும்.

ஆபீசில் விசாரணை. வெளியே லோரி தயாராக நின்றது. அந்த லோரியில் ஏறினவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் கேட்க முடியாத காலம் அது. விசாரிக்காமலே அடைத்து வைக்கலாம். சிலோனுக்கே கப்பலேற்றி அனுப்பலாம். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சோறு என்னுது சார்! நான் திங்கிற சோறு! ஐயா ஒண்ணும் கேக்கல!" என்று அஞ்சலை கத்திக்கொண்டே இருந்தாள்.

தக்காளி ஒரு பசைக் குழாயைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"எனக்கு இந்த விமானங்களைப் பற்றித் தெரியும். சின்ன வயதில் என் கட்டிலுக்கு மேலேயே ஒன்று தொங்கியது. இதை ஒட்ட இந்தப் பசைதான். உன்னிடம் இத்தனை குழாய் இருக்கும்போது பிள்ளைகளிடம் எதற்குச் சோறு வாங்கினாய்? யாருக்கு அனுப்பினாய்?"

நான் இத்தனை நாள் கஞ்சத்தனம் என்று நினைத்த விஷயம் கழுத்துக் கயிறாக வந்து நின்றது.

டிரஸ்ஸர் நிதானமாகப் பதில் சொன்னார். "அந்தப் பசையில் ஒட்டினால் ஒட்டியதுதான், பிறகு பிரிக்க முடியாது. சில வருஷத்துக்கு ஒரு பெட்டிதான் என்னால் வாங்க முடியும். ஒரு தடவை முப்பது பிள்ளை சேர்ந்து கட்டி முடித்துவிடும். அடுத்த முப்பது பிள்ளை என்ன செய்யும்? அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்குமா? சோற்றுப் பசையில் ஒட்டினால் தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்துவிடலாம். காயவைத்து, மறுபடி முதலிலிருந்து கட்டலாம். பலகை தேய்கிறவரை கட்டலாம்."

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. போன வருஷம் தொங்கிய விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நாளாவது கேட்டேனா? இது அதேதான்!

"அப்படியானால் இப்போதே தண்ணீரில் போடு. பிரிந்தால் உன்னை விட்டுவிடுகிறேன்" என்றார் தக்காளி.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். டிரஸ்ஸர், "முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு செய்யலாம்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. தமிழில் கத்தினேன். "ஐயா, ஒங்களுக்கென்ன பைத்தியமா? லோரி நிக்குதுய்யா! ஒரு வாளித் தண்ணி, முக்கிக் காட்டிட்டு வாங்க!"

"மாட்டன் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தாய்தேப்பன் பாக்க வருவினம். அந்தச் சனம் விடியக் கருக்கலிலை பால்வெட்டப் போய், வந்து, வேலிக்கை அடைபட்டுக் கிடக்குது. தங்கடை பிள்ளை கட்டின சாமான் மேலை தொங்கிறதை ஒருக்கா நிமிந்து பாக்கட்டன். பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். சொன்னாச் சொன்னதுதான்."

தக்காளிக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய இடத்துக்கு டெலிபோன் போட்டார். பதில் வரும்வரை துரை பங்களாவில் சாப்பிடப் போகிறோம் என்றார். விமானத்தைச் சாட்சிப் பொருளாகத் துரையின் மேசைமேல் வைக்கச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் டிரஸ்ஸர் முதன்முறையாகப் பதறினார். "மேசையில் வைக்காதீர்கள், தயவுசெய்து தொங்கவிடுங்கள். நூலில் விளக்கெண்ணெய் தடவித்தான் தொங்கவிட வேண்டும்" என்று கெஞ்சினார். விளக்கெண்ணெய் என்றதும் தக்காளிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மேசையிலேயே வைத்துக் கதவைப் பூட்டினார்கள்.

துரை மேசை இழுப்பறையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும் என்பது தோட்டத்துக்கே தெரியும், முக்கியமாக எறும்புகளுக்கு.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, தக்காளி விமானத்தின் இறக்கையைப் பிடித்துத் தூக்கினார். இறக்கை அவர் கையோடு வந்தது. மீதி விமானம் வரவில்லை. வால் ஒரு பக்கம் சரிந்தது. சக்கரம் கழன்று உருண்டது. தக்கை விமானி பூனை மீசையோடு துரையின் பூட்ஸ் அருகே போய் மல்லாந்தான். ஒட்டின இடம் ஒவ்வொன்றிலும், பென்சிலால் கோடு போட்டது போல, வேறெங்கும் சிதறாமல், எறும்பு வரிசை.

தக்காளி ஓர் இணைப்பில் விரலை வைத்து, எடுத்து, முகர்ந்து பார்த்தார்.

"சோறுதான்" என்றார்.

லோரிக்காரனைப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் துள்ளிக் குதித்தேன். கம்பிக்கு அப்பால் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். விடுதலையான மனிதரோ மேசையருகே நின்று, இடுக்கியால் ஒவ்வோர் எறும்பாக எடுத்துக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யிறது?" என்றார் யாரிடமோ.

தக்காளி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் ஒரு விலா எலும்பை எடுத்து எறும்பை ஊதினார்.

"உங்கள் கட்டிலுக்கு மேலே தொங்கியதே, அதை நீங்களா கட்டினீர்கள்?" என்று டிரஸ்ஸர் கேட்டார்.

"இல்லை. அப்பா கட்டினார். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்."

டிரஸ்ஸர் என் பக்கம் திரும்பி, "பாவம் பெடியன்" என்றார் தமிழில்.

மறுநாள் காலையில் எங்கள் தோட்டம் கண்ட காட்சியை அதற்கு முன்னும் பின்னும் எந்தத் தோட்டமும் கண்டிருக்காது. பொதுச் சமையல் கூடத்திலிருந்து ஒரு தட்டுச் சோறு கிளம்பியது. பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி தங்கள் பங்கிலிருந்து அதில் போட்டார்கள். தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அஞ்சலை நடந்தாள். அவளுக்கு முன்னால் துப்பாக்கியோடு மாட், பின்னால் துப்பாக்கியோடு இன்னொருவர். தக்காளியின் உத்தரவு அது. கேட்டைத் தாண்டும்போது மாட் தட்டுக்கு ஒரு சல்யூட் அடித்தார். சாமி ஊர்வலத்துக்குக்கூட எங்கள் கோயிலில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

தக்காளியும் வந்தார். தனக்கும் ஒரு துண்டு ஒட்டக் கிடைக்குமா என்று கேட்டார். டிரஸ்ஸர் அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மலேரியா மாத்திரையை நீட்டினார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். "எலும்பு ஒட்டணும்னா வெளக்கெண்ணெ ஐயா! அதான் சட்டம்!" என்று அஞ்சலை குரல் கொடுத்தாள். சட்டத்தைக் காக்க வந்தவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். அன்று மதியம் ஜீப்பில் ஏறாமல் அவர் எங்கே ஓடினார் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விமானம் தொங்கியது. லயத்துச் சனம் குளித்து, எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, வரிசையாக ஆஸ்பத்திரிக்குள் வந்து அண்ணாந்து பார்த்தது. அஞ்சலையின் அப்பா வெகுநேரம் நின்றார். "எது புள்ள ஒன்னுது?" என்றார். அவள் இடது இறக்கையில் ஓர் இடத்தைக் காட்டினாள். காகிதத்துக்குள் இருக்கிற எலும்பு, வெளியே தெரியாது. ஆனாலும் அவர் தெரிந்தது போலத் தலையாட்டினார். டிரஸ்ஸர் மூலையில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை விமானத்தை வாளியில் ஊறப் போட்டு, அடுத்த கூட்டத்துக்கு விளக்கெண்ணெய் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

அவசர காலம் முடிந்து, வேலியைப் பிடுங்கிய பிறகு டிரஸ்ஸரும் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். போகும்போது பெட்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே எலும்புகள், தக்கை விமானி, வரைபடம். பசைக் குழாய் ஒன்றுகூட இல்லை. நான் மாற்றலாகிப் போன பள்ளிக்கூடமெல்லாம் அந்த விமானம் என்னோடு வந்தது. பலகை தேய்ந்து உதிர்கிறவரை பிள்ளைகள் கட்டினார்கள். விளக்கெண்ணெய் ஊற்ற எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கும் வீட்டில் சோறு குழைந்துவிட்டால் என் மனைவி முகம் வாடிவிடும். நானோ ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கி, மெதுவாகப் பிரித்துப் பார்ப்பேன். நல்ல பசை, டிரஸ்ஸர் ஐயா.